ஆடுகளமும் அரசியலும் – 17: கோப்பை இருந்தது, கேப்டன் இல்லை

2023 ஆகஸ்ட் 14. பாகிஸ்தானின் சுதந்திர தினம். நாட்டின் கிரிக்கெட் பெருமைகளைத் தொகுத்து அந்நாட்டுக் கிரிக்கெட் வாரியம் ஒரு காணொலி வெளியிட்டது. 1992 உலகக் கோப்பை வெற்றியும் அதில் வந்தது. அந்த அணியின் கேப்டன் மட்டும் வரவில்லை. அப்போது அவர் சிறைக்குப் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது.

பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள். 1992 இறுதிப் போட்டியின் ஆட்டநாயகன் வாசிம் அக்ரம், காணொலியை எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதினார். இரண்டு நாள் கழித்து வாரியம் நீளமான இன்னொரு காணொலியைப் போட்டது. அதில் இம்ரான் கான் இருந்தார். முதலில் வந்தது நீளம் கருதிச் சுருக்கப்பட்டது என்று விளக்கம் சொன்னார்கள். ஓர் உலகக் கோப்பையின் கதையைச் சுருக்கும்போது கேப்டனை எப்படி வெட்ட முடியும் என்று கேட்டவர்களில் அவருடைய கட்சிக்கு ஒருநாளும் ஓட்டுப் போடாதவர்களும் இருந்தார்கள்.

மட்டையை வைத்துவிட்டு மேடை ஏறிய பலரை இந்தத் தொடரில் பார்த்துவிட்டோம். பட்டோடி நவாப் 1971-ல் குர்கானிலும் 1991-ல் போபாலிலும் தோற்றார். சனத் ஜெயசூர்யா 2010-ல், இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போதே, மாத்தறையில் வென்றார். சென்ற இதழில் சித்து, மைதானத்திலிருந்து வர்ணனை அறைக்கும், அங்கிருந்து அமிர்தசரஸ் தொகுதிக்கும், அங்கிருந்து சிரிப்பு நிகழ்ச்சிக்கும் போனதைப் படித்தோம். இம்ரானின் கதை இவர்கள் எல்லோருடைய கதையையும்விடப் பெரியது. ஒரு மனிதரின் முகத்தைப் பார்க்க மக்களுக்கு இருந்த ஆவல் என்னவெல்லாம் செய்தது, அந்த ஆவலைக் கண்டு பயந்தவர்கள் என்னவெல்லாம் செய்தார்கள் என்பதை ஐம்பது வருட நீளத்துக்கு இந்த ஒரு வாழ்க்கையில் பார்த்துவிடலாம்.

தொலைக்காட்சி அவரைக் கண்டெடுத்தது லாகூரில் அல்ல, ஆஸ்திரேலியாவில். 1977 ஜனவரியில் சிட்னி டெஸ்டில் இம்ரான் 12 விக்கெட் எடுத்தார். ஆஸ்திரேலிய மண்ணில் பாகிஸ்தானுக்கு அதுதான் முதல் டெஸ்ட் வெற்றி. அதே வருடம் கெர்ரி பேக்கர் என்ற தொலைக்காட்சி முதலாளி, தன் ‘சேனல் நைன்’ நிறுவனத்துக்குக் கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை கிடைக்காத கோபத்தில், உலகத்தின் நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் விலை பேசித் தனியாக ஒரு போட்டித் தொடரே தொடங்கிவிட்டார். இரவு விளக்கு, வெள்ளைப் பந்து, வண்ணச் சீருடை, மைதானத்தின் இரண்டு முனைகளிலும் கேமரா என்று இன்று நாம் சாதாரணமாகப் பார்க்கும் பலதும் அங்கேதான் வேர்விட்டன. பேக்கர் வாங்கியவர்களில் இம்ரானும் ஒருவர். அந்த நாட்களில் ‘யார் அதிவேகம்’ என்று கருவி வைத்து அளந்து காட்டிய தொலைக்காட்சிப் போட்டியில் ஜெஃப் தாம்சன் முதலிடம், மைக்கேல் ஹோல்டிங் இரண்டாமிடம், இம்ரான் மூன்றாமிடம். கிரிக்கெட் தெரியாதவரும் பார்க்கும்படி கிரிக்கெட்டை மாற்றினார் பேக்கர். அப்படிப் பார்க்க வந்தவர்களின் கண் முதலில் போய் நின்ற முகங்களில் ஒன்று இம்ரானுடையது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1987 பிப்ரவரியில் பாகிஸ்தான் அணி சேப்பாக்கத்தில் முதல் டெஸ்ட் ஆடியது. தாம்பரத்தில் எங்கள் தெருவில் டயனோரா டி.வி. இருந்த வீட்டில் பையன்கள் நாங்கள் தரையில் உட்கார்ந்திருப்போம். பெரியவர்களுக்கு நாற்காலி. அடுக்களையில் வேலையாக இருக்கும் பெண்களுக்குக் கிரிக்கெட்டோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனால் இம்ரான் மட்டை பிடிக்க வந்ததும் அந்த வீட்டு அத்தை ஈரக்கையைத் தலைப்பில் துடைத்தபடி நிலைப்படியில் வந்து நின்றார். “இவன்தானாடா பாகிஸ்தான்காரன்? சினிமாவுல நடிக்கலாம் போலிருக்கே” என்றார். இம்ரான் அந்த ஆட்டத்தில் ஆட்டமிழக்காமல் 135 ஓட்டம் எடுத்தார். நமக்கு ஸ்ரீகாந்த் 123 அடித்து ஆறுதல் தந்தார். ஆட்டம் டிரா. அத்தை கடைசிவரை யார் எத்தனை ஓட்டம் என்று கேட்கவே இல்லை. “அவனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?” என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியைத் துணைக்கண்டமே கேட்டுக்கொண்டிருந்தது. சிந்தால் சோப் விளம்பரத்தில் அவர் முகம் இந்தியாவின் வீடுகளுக்குள் வந்தது. லண்டன் பத்திரிகைகள் அவர் யாரோடு விருந்துக்குப் போனார் என்று எழுதின. எதிரி நாட்டுக் கேப்டன் நம் வீட்டுக் குளியலறை சோப்பை விற்றார், நாமும் வாங்கினோம். அந்தத் தொடரை அவர் அணி பெங்களூரில் 16 ஓட்டங்களில் வென்று எடுத்துக்கொண்டு போனபோதும் வெறுப்பு வரவில்லை. எல்லையில் இரு நாட்டுப் படைகளும் முறைத்துக்கொண்டு நின்ற நேரம் அது. பாகிஸ்தான் அதிபர் ஜெனரல் ஜியா உல் ஹக், கிரிக்கெட் பார்க்கிறேன் என்று ஜெய்ப்பூருக்கே வந்து உட்கார்ந்தார். கிரிக்கெட்டைப் பார்க்கும் கண்களுக்கு எவ்வளவு மதிப்பு என்று ஜியாவுக்குத் தெரிந்திருந்தது. அதே வருடக் கடைசியில், உலகக் கோப்பை அரையிறுதியில் லாகூரில் தோற்ற கையோடு இம்ரான் ஓய்வு பெற்றபோது, திரும்பி வாருங்கள் என்று பலர் முன்னிலையில் கேட்டுக்கொண்டவரும் ஜியாதான். இம்ரான் திரும்பி வந்தார்.

அப்படித் திரும்பி வந்ததால்தான் 1992 நடந்தது. மார்ச் 25, மெல்போர்ன். பாகிஸ்தானில் ரமலான் மாதம். மைதானத்தில் 87,000 பேர். முப்பத்தொன்பது வயதில் தோள்வலியோடு ஆடிய இம்ரான் 72 ஓட்டம் எடுத்தார், இங்கிலாந்தின் கடைசி விக்கெட்டையும் அவரே வீழ்த்தினார். கண்ணாடிக் கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு பேசியபோது, தான் கட்ட நினைத்த புற்றுநோய் மருத்துவமனையைப் பற்றிப் பேசினார். கூட ஆடியவர்களைச் சொல்ல மறந்துவிட்டார். அந்தக் குறை அவருடைய அணித் தோழர்கள் மனத்தில் வெகுநாள் இருந்தது. எனக்கு இரண்டும் உண்மையாகவே படுகின்றன. அவருக்கு ‘நான்’ என்பது பெரிதாக இருந்தது. அவர் அம்மா ஷௌகத் கானம் 1985-ல் புற்றுநோயில் இறந்ததும் அவர் மனத்தில் அதே அளவு பெரிதாக இருந்தது. அம்மாவின் பெயரில் லாகூரில் மருத்துவமனை 1994 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதற்காக ஊர் ஊராகப் போய்ப் பணம் திரட்டியபோதுதான், தன்னைப் பார்க்க வருகிற கூட்டம் தனக்காகக் கொடுக்கவும் செய்யும் என்பதை அவர் கண்ணால் கண்டார்.

1996 ஏப்ரலில் அந்த மருத்துவமனையில் குண்டு வெடித்தது. அதே மாதம் 25-ஆம் தேதி ‘தெஹ்ரீக்-இ-இன்சாஃப்’ கட்சி பிறந்தது. பெயருக்கு ‘நீதிக்கான இயக்கம்’ என்று பொருள்.

1997 தேர்தலில் அவரைப் பார்க்கக் கூட்டம் வந்தது. பையன்கள் கையெழுத்துக் கேட்டார்கள். ஓட்டு எண்ணியபோது கட்சிக்கு ஒரு தொகுதிகூட இல்லை. நின்ற இடத்திலெல்லாம் அவரும் தோற்றார். பார்க்க வந்த கூட்டத்தைத் தன் கூட்டம் என்று நம்பிவிட்டார். கிராமத்தில் ஓட்டைத் தீர்மானித்தவர்கள் நிலக்காரர்களும் பிராதரி எனப்படும் குலக்கட்டுமே. அவர்களுக்கு நிழற்படம் தேவைப்படவில்லை.

ஆவலின் இன்னொரு முகம் அதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. 1995-ல் இம்ரான், இங்கிலாந்தின் பெருஞ்செல்வர் ஜேம்ஸ் கோல்ட்ஸ்மித்தின் மகள் ஜெமீமாவை மணந்தார். மணமகளுக்கு வயது இருபத்தொன்று. மதம் மாறி, லாகூரில் மாமனார் வீட்டுக் கூட்டுக்குடும்பத்தில் வாழ வந்தார். தந்தை வழியில் யூத வேர் இருந்ததைச் சொல்லியே எதிர்க்கட்சிகள் மேடை போட்டன. 1998-ன் இறுதியில், பழங்காலத்து ஓடுகளை நாட்டை விட்டுக் கடத்தப் பார்த்தார் என்று அவர்மீது வழக்கு வந்தது. அப்போது அவர் கர்ப்பிணி. நாட்டை விட்டுப் போனவர், ஆட்சி மாறி வழக்கு கைவிடப்பட்ட பிறகே திரும்பினார். 2004-ல் மணமுறிவு. இம்ரானை அடிக்க நினைத்தவர்கள் அவர் வீட்டுப் பெண்ணை அடித்தார்கள். இது இந்தக் கதையில் முதல் தடவை, கடைசித் தடவை அல்ல.

இனி வருவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படும் பகுதி. பாகிஸ்தானில் நெடுங்காலம் தொலைக்காட்சிச் செய்தி என்றால் அரசின் பி.டி.வி.தான். அதன் நாடகங்களுக்காக அமிர்தசரஸ்காரர்கள் ஆன்டெனாவை லாகூர் பக்கம் திருப்பி வைத்த காலமும் உண்டு. செய்தி மட்டும் ஆட்சியாளர் சொன்னதுதான். ராணுவப் புரட்சியில் வந்த முஷாரஃப்பின் ஆட்சியில், 2002-ல் பெம்ரா என்ற ஒழுங்குமுறை ஆணையம் உருவாகித் தனியார் சேனல்களுக்குக் கதவு திறந்தது. ஜியோ வந்தது, ஏ.ஆர்.ஒய். வளர்ந்தது, பின்னாலேயே டஜன்கணக்கில் சேனல்கள். இரவு எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை விவாத நிகழ்ச்சி. அதற்குச் செலவு குறைவு. ஒரு மேசை, நான்கு நாற்காலி, பேச ஆள் இருந்தால் போதும்.

பேச ஆள் யார்? பெரிய கட்சிகளின் தலைவர்கள் ஸ்டூடியோவுக்கு வருவதைக் குறைவாக நினைத்தார்கள், பேச்சாளர்களை அனுப்பினார்கள். இம்ரான் தானே வந்தார். 2002 தேர்தலில் மியான்வாலியில் அவர் ஒருவர் மட்டும் வென்றிருந்தார். ஒற்றை எம்.பி. கட்சி. ஆனால் அவர் உட்கார்ந்தால் மக்கள் சேனல் மாற்றமாட்டார்கள் என்பது தயாரிப்பாளருக்குத் தெரியும். ஊழல், ட்ரோன் தாக்குதல், அமெரிக்காவுக்குப் பணிதல் என்று ஒரே பேச்சை வாரத்துக்குப் பலமுறை, வருடக்கணக்கில் அவர் பேசினார். 2007 நவம்பரில் முஷாரஃப் அவசரநிலை அறிவித்துச் சேனல்களை கேபிளிலிருந்து துண்டித்தபோது, ஜியோவின் விவாத நிகழ்ச்சியை ஹமீத் மீர் தெருவில் வைத்து நடத்தினார். பஞ்சாப் பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர்களிடையே பேசப் போன இம்ரான் கைதானார். சேனலும் அவரும் ஒரே நேரத்தில் அடிபட்டதால், பார்ப்பவர்கள் மனத்தில் இருவரும் ஒரே பக்கத்தில் நின்றார்கள். ஐந்தாறு வருடம் அந்தத் திரையைப் பார்த்து வளர்ந்த நகரத்துப் பிள்ளைகள் ஓட்டு வயதுக்கு வந்தார்கள். 1997-ல் கையெழுத்து வாங்கிக்கொண்டு போன வயது அது. இப்போது அவர்கள் கட்சி அட்டை வாங்கினார்கள்.

2011 அக்டோபர் 30 அன்று லாகூரின் மினார்-இ-பாகிஸ்தான் மைதானம் நிறைந்தபோது அரசியல்வாதிகள் திகைத்தார்கள். சேனல்காரர்கள் திகைக்கவில்லை.

அதன்பிறகு எல்லாமே கேமராவுக்கு முன்னால் நடந்தது. 2013 மே 7, தேர்தலுக்கு நான்கு நாள். லாகூரில் உயரமான மேடைக்கு அவரைத் தூக்கிய ஃபோர்க்லிஃப்டிலிருந்து தடுமாறித் தலைகீழாக விழுந்தார். ரத்தம் வழியும் அந்தத் தலையைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அம்மா பெயரில் தான் கட்டிய மருத்துவமனையின் கட்டிலில் படுத்தபடியே அவர் ஓட்டுக் கேட்டார், அதுவும் ஒளிபரப்பானது. எதிரி நவாஸ் ஷெரீஃப் மறுநாள் தன் பிரசாரத்தை நிறுத்தி வைத்தார். அது நல்ல மனசு. அந்தத் தேர்தலில் இம்ரானின் கட்சி வாக்கில் இரண்டாமிடம், இடங்களில் மூன்றாமிடம்.

மறுவருடம் ஆகஸ்டில் தேர்தல் மோசடி என்று சொல்லி இஸ்லாமாபாத்தில் தர்ணா. சாலையை மறிக்க அரசு குறுக்கே போட்டு வைக்கும் கப்பல் கன்டெய்னரையே மேடையாக்கினார். டி.ஜே. பாட்டுப் போட, பெண்கள் குழந்தைகளோடு வர, மாலை ஆனதும் அவர் கன்டெய்னர்மேல் ஏறிப் பேசுவார். அப்படியே நேரலை. 126 நாள். டிசம்பர் 16 அன்று பெஷாவர் ராணுவப் பள்ளியில் நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் கொல்லப்பட்ட பிறகுதான் கலைந்தது. ‘கன்டெய்னர்’ என்ற சொல்லுக்கே பாகிஸ்தான் உருதுவில் அரசியல் பொருள் வந்துவிட்டது.

2015 ஜனவரியில் அவர் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ரேஹம் கானை மணந்தார், பத்தே மாதத்தில் பிரிந்தார். 2018 பிப்ரவரியில், தன் ஆன்மிக வழிகாட்டியாக இருந்த புஷ்ரா பீவியை மணந்தார். அந்த ஜூலைத் தேர்தலில் அவர் கட்சி 116 இடங்கள் வென்றது, ஆகஸ்டில் அவர் பிரதமர் ஆனார். பதவியேற்பு விழாவில் சித்து முன்வரிசையில் இருந்ததையும், ராணுவத் தளபதியைக் கட்டிக்கொண்டதால் இங்கே கிளம்பிய புயலையும் சென்ற இதழில் சொல்லியிருந்தேன்.

அவருடைய ஆட்சியின் மற்ற பக்கங்கள் இந்தத் தொடரின் எல்லைக்கு வெளியே. ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 2019 ஜூலையில் நவாஸ் ஷெரீஃபின் மகள் மரியம் நவாஸின் செய்தியாளர் சந்திப்பை ஒளிபரப்பிய மூன்று சேனல்கள் திரையிலிருந்து காணாமல்போயின. 2020 மார்ச்சில் ஜியோ குழும உரிமையாளர், பழைய நில வழக்கில் கைதாகி மாதக்கணக்கில் உள்ளே இருந்தார். சேனல்கள் வளர்த்த ஒரு மனிதர் ஆட்சிக்கு வந்ததும் சேனல்களின் குரல்வளை நெரிபட்டது. அவருடைய ஆதரவாளர்கள் இன்றும் இதைப் பேசுவதில்லை. பேச வேண்டும். அன்று பழகிய கை பிறகு அவர்மீதே திரும்பியது.

2022 ஏப்ரல் 10, நள்ளிரவு தாண்டி, 174 வாக்குகளில் ஆட்சி போனது. நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் பதவி இழந்த முதல் பாகிஸ்தான் பிரதமர் அவர். அந்த ஆகஸ்டில் பெம்ரா அவருடைய பேச்சுகளின் நேரலையைத் தடை செய்தது, நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. நவம்பரில் வஜீராபாத் ஊர்வலத்தில் காலில் சுடப்பட்டார். 2023 மார்ச்சில் மறுபடியும் தடை. மே 9-ல் இஸ்லாமாபாத் உயர்நீதிமன்ற வளாகத்திலேயே கண்ணாடியை உடைத்துக்கொண்டு நுழைந்த ரேஞ்சர்ஸ் படையினர் அவரை இழுத்துச் சென்றார்கள். நாடெங்கும் கலவரம். ராணுவக் கட்டடங்களுக்கே தீ வைத்தார்கள். அதன்பின் சேனல்களில் அவர் படம் நின்றது, குரல் நின்றது, பெயரும் நின்றது. ‘தெஹ்ரீக்-இ-இன்சாஃப் நிறுவனர்’ என்று சுற்றி வளைத்துச் சொல்லப் பழகினார்கள் செய்தி வாசிப்பவர்கள். ஆகஸ்ட் 5-ல் சிறை.

டிசம்பரில் அவர் குரல் திரும்பி வந்தது, அவர் வாயிலிருந்து அல்ல. சிறையிலிருந்து வழக்கறிஞர்கள் வழியாக வந்த குறிப்புகளைப் பேச்சாக எழுதி, செயற்கை நுண்ணறிவு கொண்டு அவர் குரலைச் செய்து, இணையத்தில் கூட்டம் நடத்தினார்கள் கட்சிக்காரர்கள். அசையாத படம், அசையும் குரல். 2024 ஜனவரியில் உச்சநீதிமன்றத் தீர்ப்பால் கட்சியின் மட்டைச் சின்னமும் போனது. வேட்பாளர்கள் சுயேச்சைகள் ஆனார்கள். ஒருவருக்குக் கத்தரிக்காய், ஒருவருக்குக் கட்டில். தங்கள் ஊரில் எது கேப்டனின் சின்னம் என்று ஒவ்வொரு வாக்காளரும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தேடிக் கண்டுபிடித்தார்கள். பிப்ரவரி 8 தேர்தலில் வேறெந்தக் கட்சியையும்விட அதிக இடங்களில், 93-ல், அவர்களே வென்றார்கள். ஆட்சி கிடைக்கவில்லை.

அந்தத் தேர்தலுக்கு ஐந்து நாள் முன்னால் ஒரு தீர்ப்பு வந்தது. விவாகரத்துக்குப் பின் ஒரு பெண் மறுமணத்துக்குக் காத்திருக்க வேண்டிய இத்தா காலம் முடியும் முன்பே புஷ்ரா பீவி இம்ரானை மணந்தார் என்று முந்தைய கணவர் தொடுத்த வழக்கு. சிறைக்குள்ளேயே விசாரணை. இருவருக்கும் ஏழு வருடம். ஓர் ஐம்பது வயதுப் பெண்ணின் மாதவிலக்குக் கணக்கு நாட்டின் அரசியல் விவாதமானது. முகத்தைக்கூட மூடி வாழ்ந்த பெண் அவர். 2021-ல் பெண்களின் உடையைப் பற்றி இம்ரான் பேசியதற்காக அவரைக் கண்டித்த பெண்ணுரிமைக்காரர்கள் பலர் இப்போது இந்தத் தீர்ப்பையும் கண்டித்தார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு மரியாதை பெருகுகிறது. ஜூலையில் மேல்முறையீட்டில் தண்டனை ரத்தானது. ஆனால் நீதிமன்றத்தில் பேசப்பட்டதை யார் திரும்ப எடுத்துக்கொள்வது? “அவனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?” என்று எங்கள் தெரு அத்தை கள்ளமில்லாமல் கேட்ட கேள்வி, முப்பத்தேழு வருடத்தில் ஒரு சிறை அறைக்குள் குற்றப்பத்திரிகையாக வந்து நின்றதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

2024 மே 16. ஊழல் தடுப்புச் சட்டத் திருத்த வழக்கில் அவர் சிறையிலிருந்து காணொலி வழியாக உச்சநீதிமன்றத்தின் முன் வந்தார். மற்ற பெரிய வழக்குகளை நேரலையாகக் காட்டியிருந்த நீதிமன்றம் அன்று காட்டவில்லை. நாடே சேனல் முன்னால் காத்திருந்து ஏமாந்தது. சற்று நேரத்தில், நீதிமன்ற அறைத் திரையிலிருந்து யாரோ எடுத்த ஒரு நிழற்படம் வெளியே வந்தது. ஒன்பது மாதத்துக்குப் பிறகு அந்த முகம். வெளிர்நீலச் சட்டை, நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். படம் எடுத்தது யார் என்று விசாரணை தொடங்கியது. அதற்குள் அது கோடிக்கணக்கான கைப்பேசிகளுக்குப் போய்விட்டது. மக்கள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். இளைத்திருக்கிறாரா, முடி நரைத்திருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா என்று.

(தொடரும்)